கலப்படம் இல்ல பாஸ்... கலவை!

தமிழ்நாட்டில் கொஞ்சமும் பொருந்தாத பெயர் எதுன்னு ஒரு போட்டி வெச்சா, 'ஒயின்ஷாப்'புக்குத்தான் முதல் பரிசு. பிராந்தி, ரம், பீர் என்று மற்றதெல்லாம் சக்கைப்போடு போட்ட கடைக்கு, அங்கே அநேகமாக யாருமே கேட்காத ஒரு ஐட்டத்தின் பெயர்! 2003 நவம்பரில் டாஸ்மாக் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்ததும் போர்டு மாறிவிட்டது. நம்ம வாய்தான் மாறவில்லை. "ஒயின்ஷாப்புக்குப் பக்கத்து சந்து" என்று இன்னமும் வழி சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரி, நிஜமான ஒயின் எப்படி உருவாகிறது? திராட்சைச் சாறு நொதித்தால் ஒயின். இதுவரைக்கும் ஆறாங்கிளாஸ் பையனுக்கும் தெரியும். அடுத்த மேட்டர்தான் சுவாரஸ்யம். உலகத்தில் பெரிய பெயர் எடுத்த சிவப்பு ஒயின்கள் பலவற்றில் இருப்பது ஒரே ஒரு திராட்சை ரகம் இல்லை. ரெண்டு, மூணு, அஞ்சு ரகங்களின் கலவை. பிரான்சில் ஷாத்தோநெஃப் தூ பாப் என்று ஒரு ஊர். அங்கே பதிமூன்று ரகம் வரை கலக்கலாம் என்பது பழைய கணக்கு.

"கலக்குறாங்களா? அப்ப அது டூப்ளிகேட்தானே மச்சி?" என்றான் நண்பன். அவன் மேல் தப்பில்லை. பாலில் தண்ணீர், மிளகில் பப்பாளி விதை என்று பார்த்துப் பார்த்து, 'கலந்தது' என்றாலே நமக்குக் கெட்ட வார்த்தை ஆகிவிட்டது.

ஆனால், அவனும் ஆழ்வார்பேட்டைக்காரன்தான். காலையில் காபித்தூள் கடையில் அவன் அம்மா சொல்லும் ஆர்டரைக் கேட்டால் போதும். "பீபரி கால் கிலோ, பிளான்டேஷன் ஏ கால் கிலோ, கொஞ்சூண்டு ராபஸ்டா, சிக்கரி பதினஞ்சு பெர்சென்ட். நைஸா அரைக்காதீங்கோ!" அராபிகா வாசனைக்கு. ராபஸ்டா திக்கான டிகாக்‌ஷனுக்கு. சிக்கரி காபியே கிடையாது, ஒரு செடியின் வேர். நிறத்துக்கும் கசப்புக்கும் அது. இதில் சிக்கரியை அஞ்சு பெர்சென்ட் கூட்டிப் பாருங்கள். பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமலே அப்பா கேட்பார், "கடைய மாத்திட்டியா?"

கலப்படம் என்பது குறையை மறைக்க. கலவை என்பது குறையை நிரப்ப. ஒயினிலும் அதே கதைதான்.

இதற்குத் தலைமைச் செயலகம் பிரான்சின் போர்டோ. அட்லாண்டிக் கடலோரம். எப்போது மழை வரும், எப்போது உறைபனி அடிக்கும் என்று சொல்ல முடியாத ஊர். அங்கே ரெண்டு ஹீரோக்கள். ஒருவர் கேபர்நே சாவிஞ்ஞான், இன்னொருவர் மெர்லோ. மெர்லோ சீக்கிரம் துளிர்த்து சீக்கிரம் பழுக்கும். கேபர்நே ஒன்றிரண்டு வாரம் லேட். வசந்த காலத்தில் திடீர் பனி விழுந்தால் முதலில் துளிர்த்த மெர்லோ காலி, கேபர்நே தப்பிக்கும். அறுவடை நேரத்தில் மழை கொட்டினால் கேபர்நே பழுக்காமல் மாட்டிக்கொள்ளும், மெர்லோ ஏற்கெனவே கூடைக்கு வந்திருக்கும். ரெண்டையும் நட்டுவைத்தவனுக்கு எந்த வருஷமும் கை முழுசாகக் காலியாகாது. அதாவது, இன்றைக்குக் கோட்டு சூட்டுக்காரர்கள் கண்ணை மூடி உறிஞ்சும் அந்த 'போர்டோ பிளெண்ட்', விவசாயி தனக்குத் தானே போட்டுக்கொண்ட பயிர் இன்ஷூரன்ஸாகவும் இருந்தது! ருசி காரணமும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

இன்ஷூரன்ஸும் சில சமயம் கைகொடுக்காது. 1956 பிப்ரவரியில் அடித்த உறைபனியில் போர்டோவின் கொடிகள் ஏராளமாகச் செத்துப்போயின. அதில் மால்பெக் என்ற ரகத்தைப் பெரும்பாலானவர்கள் திரும்ப நடவே இல்லை. போர்டோ கைவிட்ட அந்த மால்பெக்தான் அர்ஜென்டினாவில் சூப்பர் ஸ்டார்!

இன்னொரு குடும்ப ரகசியம். 1997-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஜான் பவர்ஸ், கரோல் மெரிடித் என்ற இரு விஞ்ஞானிகள் டி.என்.ஏ. சோதனை முடிவை வெளியிட்டார்கள். கேபர்நே சாவிஞ்ஞானின் பெற்றோர், கேபர்நே ஃப்ராங் என்ற கறுப்புத் திராட்சையும் சாவிஞ்ஞான் பிளாங் என்ற வெள்ளைத் திராட்சையும். யாரும் கட்டிவைக்கவில்லை, தோட்டத்தில் தானாக நடந்த லவ் மேரேஜ். மெர்லோவுக்கும் பெற்றோரில் ஒருவர் அதே கேபர்நே ஃப்ராங்தான் என்றும் தெரியவந்தது. ஆக, ஒரு கிளாஸ் போர்டோவில் கேபர்நே, மெர்லோ, கூட கொஞ்சம் ஃப்ராங் இருந்தால் அது கலவை இல்லை... கூட்டுக் குடும்பம்!

செய்முறைக்கு வருவோம். கறுப்புத் திராட்சையைத் தோல் உரித்துப் பிழிந்து பாருங்கள். சாறு கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் வரும். சிவப்பு முழுக்கத் தோலில். அதனால் பழத்தை நசுக்கி, தோலும் விதையுமாகவே ஊறப்போடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியே தள்ளுகிறது. ஒரு லிட்டரில் சுமார் 17 கிராம் சர்க்கரை கரைந்தால் ஒரு சதவிகித ஆல்கஹால். வாயு கிளம்பும்போது தோலெல்லாம் மேலே மிதந்து தொப்பி மாதிரி கட்டிக்கொள்ளும். அதைத் தினமும் அமுக்கி உள்ளே தள்ளவேண்டும். இல்லாவிட்டால் நிறமும் இறங்காது, தொப்பியும் கெட்டுப்போகும். சூடு 25-லிருந்து 30 டிகிரிக்குள் இருப்பது நல்லது. மே மாதச் சென்னையில் மொட்டைமாடியில் வைத்தால் ஈஸ்ட் பரலோகம் போய்ச் சேரும்.

இதெல்லாம் பெரும்பாலும் ஒவ்வொரு ரகத்துக்கும் தனித்தனித் தொட்டியில் நடக்கும். சாம்பார் ஒரு பாத்திரத்தில், ரசம் ஒரு பாத்திரத்தில் கொதிக்கிற மாதிரி. ஒவ்வொன்றும் தன் குணத்தைக் காட்டிய பிறகுதான், எது எவ்வளவு என்ற பேச்சு. எல்லா ரகத்தையும் ஒரே தோட்டத்தில் நட்டு, ஒன்றாகப் பறித்து, ஒரே தொட்டியில் போடும் பழைய முறையும் உண்டு. அதற்கு நம்மிடம் அழகான பெயர் ஏற்கெனவே இருக்கிறது, கூட்டாஞ்சோறு!

அந்த 'எது எவ்வளவு' பேச்சை நேரில் பார்க்க ஆசை. நண்பனின் அக்கா ஓட்டல் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு பெங்களூரு பக்கம் ஒயின் கம்பெனியில் வேலை பார்க்கிறார். லீவுக்கு வந்தவரைப் பிடித்தோம். டி.டி.கே. சாலைக்குப் பின்னால், மூன்றாவது மாடி ஃப்ளாட். "21 வயசு ஆகாதவன் வாசப்படி மிதிக்கக் கூடாது. நம்ம ஊர்ல அவனுக்கு விக்கவே கூடாதுன்னு சட்டம். அப்புறம், சென்ட் அடிச்சுட்டு வராதீங்கடா" என்று முன்கூட்டியே ஆர்டர். ஞாயிறு காலை பதினோரு மணி. சாப்பாட்டுக்கு முன்னால், நாக்கு ஃப்ரெஷ்ஷாக இருக்கும் நேரமாம்.

டேபிளில் மூன்று இந்திய பாட்டில்கள். ஒன்று கேபர்நே, ஒன்று மெர்லோ, ஒன்று ஷிராஸ். பக்கத்தில் 100 மில்லி அளவு ஜாடி, ஒரு பிப்பெட், ஒரு நோட்டு. அப்புறம், ஒரு பிளாஸ்டிக் வாளி.

"வாளி எதுக்குக்கா?"

"துப்புறதுக்கு."

"அய்யய்யோ!"

"டேய், இது பார்ட்டி இல்ல, லேப். எல்லாத்தையும் முழுங்கினா நாலாவது சாம்பிள்ல உன் நாக்கும் அவுட், நீயும் அவுட்."

முதலில் தனித்தனியாக. கிளாஸைச் சாய்த்து நிறம், சுழற்றி வாசனை, அப்புறம் ஒரு சின்ன வாய். வாய்க்குள் புரட்டிவிட்டு வாளி.

ஷிராஸை மூக்கருகே கொண்டுபோனவுடன் ஒருத்தி, "மிளகு!" என்றாள். கற்பனை இல்லை. ரொட்டண்டோன் என்ற பொருள்தான் ஷிராஸில் அந்த வாசனையைத் தருகிறது என்று ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் வெளியிட்டார்கள். நம்ம மிளகில் இருக்கும் அதே பொருள். கேபர்நேயில் லேசாகப் பச்சைக் குடைமிளகாய் வாசனை வந்தது. அதற்கும் காரணம் குடைமிளகாயில் இருக்கும் அதே வகை மூலக்கூறுதான். வெளிநாட்டுப் புத்தகங்களில் பிளாக்கரன்ட், செடார் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். அந்தப் பழத்தை நாம் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எதற்கு வம்பு? நாவல்பழம் என்று எழுதுங்கள், யாரும் கேஸ் போடமாட்டார்கள்.

ஒரு விஷயத்தில் நாம் அவர்களைவிட ஒரு படி மேலே. சிவப்பு ஒயினைக் குடித்ததும் நாக்கும் ஈறும் வறண்டு இழுத்துப் பிடிக்குமே, அது டானின். தோலிலும் விதையிலும் இருந்து வருவது. எச்சிலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வழவழப்பைப் பறித்துவிடும். இதை விளக்க வெள்ளைக்காரர்கள் பாரா பாராவாக எழுதவேண்டியிருக்கிறது. நமக்கு ஒரே வார்த்தை, துவர்ப்பு. வாழைப்பூ, நாவல்பழம், கொட்டைப்பாக்கு என்று சின்ன வயசிலிருந்தே டிரெயினிங்! அறுசுவையில் அதற்கு ஒரு சீட்டே ரிசர்வ் செய்து வைத்திருக்கிறோம்.

கேபர்நே முதல் நொடியில் அசத்தியது, கடைசியில் துவர்ப்பாக நின்றது. நடுவில் மட்டும் ஏதோ காணோம். "மெதுவடைடா அது. சுத்தி எல்லாம் இருக்கு, நடுவுல ஓட்டை" என்றார் அக்கா. மெர்லோ நேர்மாறு. வாயை நிரப்பியது, வழவழவென்று இருந்தது, பட்டென்று முடிந்துபோனது. இந்த ஓட்டைக்கு அந்த மாவு!

நோட்டில் முதல் வரி, 50-50. போர். ரெண்டு பேரும் ஒருத்தர் குரலை ஒருத்தர் அமுக்கிவிட்டார்கள். அடுத்து கேபர்நே 70, மெர்லோ 30. வடையின் ஓட்டை மூடியது. ஆனால் கிளாஸில் மூக்கை விட்டால் பெரிசாக எதுவும் இல்லை. மெர்லோவில் பத்தைக் குறைத்து, ஷிராஸ் பத்து மில்லி. மிளகு தனியாகத் தெரியவே இல்லை. ஆனால், தூங்கிக்கொண்டிருந்த மொத்த கிளாஸும் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆசை யாரை விட்டது? ஷிராஸை இருபத்தைந்து ஆக்கிப் பார்த்தோம். மிளகு ரசம். கடம் வித்வானுக்கு மெயின் மைக்கைக் கொடுத்த கச்சேரி மாதிரி ஆகிவிட்டது.

"கம்பெனியில இதையே வாரக்கணக்கா பண்ணுவோம். ஒரு பெர்சென்ட் முன்னப்பின்ன போட்டு சண்டை போடுவோம். அப்புறம் கலந்த சாம்பிளை ஓரமா வெச்சுட்டு மறுபடி டேஸ்ட் பண்ணுவோம். இன்னிக்கு நல்லா இருக்கிறது அடுத்த மாசம் சொதப்பும்" என்றார் அக்கா. கலந்ததைப் பிரிக்க முடியாது. ஆயிரக்கணக்கான லிட்டர் தொட்டியைத் திறந்துவிடும் முன்னால், அந்த 100 மில்லி ஜாடியில்தான் ஒரு வருஷத் தோட்ட வேலையின் தலையெழுத்து.

அப்புறம் வந்தது முக்கோணச் சோதனை. மூன்று கிளாஸ். ரெண்டில் ஒரே கலவை, ஒன்றில் மட்டும் வேறு. எது அந்த ஒன்று? அது தெரியாவிட்டால் 'எனக்கு இதுதான் பிடிக்கும்' என்று பேசவே உரிமை இல்லையாம். ஐந்து பேரில் இரண்டு பேர்தான் சரியாகச் சொன்னார்கள். 'எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு' என்று முனகியவளும் அதில் ஒருத்தி!

இதில் அசிங்கப்பட ஒன்றுமில்லை. போர்டோவிலேயே ஒயின் படிப்புப் படித்த 54 மாணவர்களுக்கு ஒரு வேலை செய்தார்கள். வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து நீட்டினார்கள். மாணவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய வார்த்தைகளாக எடுத்துவிட்டார்கள். 2001-ல் வெளியான ஆய்வு இது. மூக்கு சொன்னதைக் கண் ஓவர்ரூல் செய்துவிட்டது. லேபிளும் விலையும் அப்படித்தான். அதனால்தான் கம்பெனி டேஸ்டிங்கில் பாட்டிலைத் துணியால் மூடி, நம்பர் மட்டும் போடுகிறார்கள். எக்ஸாம் பேப்பருக்கு டம்மி நம்பர் போடுகிற மாதிரி.

ஒயின் நமக்கு நேற்று வந்த ஃபேஷன் என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் சொல்கிறார். புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் ஆம்போரா ஜாடித் துண்டுகள் கிடைத்தன. ஒயினும் ஆலிவ் எண்ணெயும் வந்த ஜாடிகள் அவை.

இந்தியக் கலவை ஒயினுக்கு ஆழ்வார்பேட்டையில் இருந்து ஒரு ராத்திரி பஸ் தூரம்தான். பெங்களூருவைத் தாண்டி நந்தி மலை அடிவாரத்தில் கன்வல் க்ரோவர் 1980-களின் கடைசியில் தொடங்கிய தோட்டம். போர்டோ நிபுணர் மிஷெல் ரோலான் ஆலோசகராக வந்தார். அவர்களுடைய 'லா ரிசர்வ்' கேபர்நேயும் ஷிராஸும் கலந்தது. நாசிக்கில் ராஜீவ் சமந்த்தின் 'சுலா' 2000-லிருந்து பாட்டில் போட்டது. நம்ம ஊரில் குளிர்காலம் இல்லை, கொடி தூங்காது. அதனால் வருஷத்துக்கு ரெண்டு முறை கவாத்து செய்து, ஒயினுக்கு ஒரே அறுவடை எடுக்கிறார்கள். 2001-ல் மகாராஷ்டிராவும், 2007-ல் கர்நாடகாவும் ஒயினுக்கென்றே தனிக் கொள்கை போட்டன. திராட்சை விவசாயிக்கு இன்னொரு வாசல் திறக்கட்டும் என்று.

நம்ம பக்கம்? தேனி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறது. முல்லைப் பெரியாறு தண்ணீரில், கூடலூர், காமயகவுண்டன்பட்டி என்று பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. பன்னீர் என்ற பெயரே அந்த ரோஜா மாதிரியான வாசனைக்காகத்தான். அதன் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். ரெண்டு ஐரோப்பிய ரகங்களுக்குப் பிறந்த பிள்ளை. வருஷம் முழுக்கப் பறிக்கலாம் என்பது அதன் பலம். எல்லோரும் ஒரே நேரத்தில் பறித்தால் விலை தரையில் கிடக்கும் என்பது அதன் சாபம். பறித்த பழம் காத்திருக்காது. மழை பிடித்துக்கொண்டால் கொடியிலேயே வெடித்து அழுகும்.

"அப்ப இதுல ஒயின் போட்டா என்னக்கா?" இந்தக் கேள்விக்குத்தான் அக்கா வெகுநேரம் யோசித்தார். "வாசனைல பன்னீரை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா தோல் மெலிசு. கலர் கம்மி, துவர்ப்பு கம்மி. சாப்பிடறதுக்காக வளக்கறதால ஒயினுக்கு வேண்டிய சர்க்கரையும் பத்தாது. தனியா போட்டா செண்டு கலந்த சர்பத் மாதிரி இருக்கும். ஆனா, துவர்ப்பும் கலரும் உள்ள வேற ரகத்தோட பத்தோ பதினஞ்சோ பெர்சென்ட் சேத்தா? எனக்கே ட்ரை பண்ண ஆசைதான்." கலிஃபோர்னியாவில் இதே ரகத்தை 'பிளாக் மஸ்கட்' என்ற பெயரில் இனிப்பு ஒயினாகச் செய்கிறார்கள். தேனி மாவட்டம் ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அக்ரி, ஃபுட் டெக்னாலஜி, மைக்ரோபயாலஜி படிக்கிற மக்களே, ப்ராஜெக்ட் டாபிக் தேடி அலைகிறீர்களே... பன்னீருக்கு ஜோடி யார் என்று கண்டுபிடியுங்களேன். பெண் பார்க்கும் படலம் அங்கே பந்தலடியிலேயே காத்திருக்கிறது.

21 ஆகாதவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கும் லேப் உண்டு. தள்ளுவண்டியில் பன்னீர், பெங்களூர் புளூ, விதையில்லாத கறுப்பு என்று மூணு வகை வாங்குங்கள். தனித்தனியாகத் தோலோடு மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று, வடிகட்டி மூன்று டம்ளர். சர்க்கரை போடக் கூடாது. பன்னீர் வாசனைக்கு, பெங்களூர் புளூ புளிப்புக்கு, கறுப்பு இனிப்புக்கு என்று உங்கள் நாக்கே வேலை பிரித்துவிடும். அப்புறம் ஃப்ரெண்டின் கண்ணைக் கட்டி முக்கோணச் சோதனை. இங்க் ஃபில்லர் இருந்தால் போதும், பிப்பெட் எதற்கு?

முடித்ததும் மிச்ச ஜூஸைக் குடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ரெண்டு மூணு நாள் வெளியே மறந்து வைத்தால், தோலில் ஒட்டிக்கொண்டு வந்த ஈஸ்ட் சும்மா இருக்காது. நுரை கட்ட ஆரம்பிக்கும். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் மது தயாரிக்கக் கூடாது என்கிற 1937-ஆம் வருஷச் சட்டம் நம்ம மாநிலத்தில் இன்னும் இருக்கிறது. ஹாஸ்டல் வார்டனுக்கு அது தெரியாமல் இருக்கலாம், ஆனால் மூக்கு இருக்குமே!